ஒரே சொல், பல சொல்வகை: ஆங்கிலப் பள்ளி இலக்கணக் கொள்கை ஒன்று பற்றிய திறனாய்வு

இந்தியாவில் ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் பள்ளி நூல்களில் ‘ஒரே சொல் வெவ்வேறு சொல்வகையாக வருதல்’ என்னும் பொருள் பற்றிய ஓர் அதிகாரம் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. 1930களில் முதலில் வெளிவந்து இன்றும் பதிப்பிக்கப்பட்டுவரும் ரென், மார்ட்டின் ஆகியோரின் உயர்நிலைப் பள்ளி இலக்கணத்தை இவ்வகைக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம். சொற்கள் ஆங்கில அகரவரிசையில் நிறுத்தப்படுகின்றன. ஒவ்வொரு சொல்லின் கீழும் அது ஏற்கும் வகைகளும், வகைக்கு ஒன்றோ இரண்டோ எடுத்துக்காட்டுத் தொடர்களும் தரப்படுகின்றன. விளக்கம் மிகக் குறைவு. இவ்வமைப்புக்கு அடிப்படையாக நிற்கும் கொள்கை ஒன்றே: சொல்லின் வகையைச் சொல்லைப் பார்த்துத் துணியலாகாது; தொடரில் அது ஆற்றும் பணியைப் பார்த்தே துணிய வேண்டும்.

இக்கொள்கைக்குப் பெரிதும் காட்டப்படும் சொல் ‘ரவுண்ட்’ என்பதாகும். வட்டமான மேசை என்னும் பொருளில் அது பெயரடை. குத்துச்சண்டையின் ஒரு சுற்று என்னும்போது பெயர். கப்பல் முனையைச் சுற்றிக் கடந்தது என்னும்போது வினை. சக்கரம் சுற்றிச் சுற்றி ஓடியது என்னும்போது வினையடை. நெருப்பைச் சுற்றி அமர்ந்தனர் என்னும்போது முன்னிடைச்சொல். வடிவம் ஒன்று, வகை ஐந்து. மாணவர் வியக்கிறார், தேர்வில் எழுதுகிறார். அவருள் ஒருவர் பின்னாளில் மொழிபெயர்ப்பாளரோ அகராதிப் பணியாளரோ ஆகும்போது, வகைக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடித் தந்துவிட்டால் பணி முடிந்தது என்று கருதுகிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் இந்நிகழ்வின் பரப்பை முதலில் அறிந்துகொள்வது நலம். 1961இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் சொற்களைத் திரட்டி அமைக்கப்பட்டது பிரவுன் தரவகம். அதனை ஆராய்ந்த ஸ்டீவன் டிரோஸ் 1988இல் வெளியிட்ட கணக்கின்படி, அதிலுள்ள தனித்தனிச் சொல்வடிவங்களில் 11.5 விழுக்காடு மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட சொல்வகைக் குறியை ஏற்பவை. ஆனால் ஓடும் உரையில் எண்ணும்போது, வரும் சொற்களில் 40 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை அத்தகையவை. இவ்விரு எண்களுக்கும் உள்ள இடைவெளி ஒன்றை உணர்த்துகிறது. வகை மயங்குவன அருஞ்சொற்கள் அல்ல. நாள்தோறும் நாவில் வழங்கும் எளிய சொற்களே. மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டாமல் கடந்து செல்லும் சொற்கள் இவையே.

பள்ளி இலக்கணத்தின் கொள்கை முற்றிலும் பிழையன்று. எனினும் வேறு வேறான நான்கு நிகழ்வுகளை அது ஒரே பட்டியலில் அடைத்துவிடுகிறது. அதன் விளைவாக, வகைகளைப் பெருக்க வேண்டாத இடத்தில் பெருக்குகிறது. உண்மையில் விளக்கம் வேண்டிய இடத்தில் வாய்மூடி நிற்கிறது.

வேண்டாத பெருக்கம்

மேற்சுட்டிய அதிகாரங்களில் மிகுதியும் இடம்பெறுவன ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘சின்ஸ்’, ‘பட்’ போன்ற சிறு சொற்களே. ‘பிஃபோர்’ என்பதன் பின் பெயர் வந்தால் அது முன்னிடைச்சொல். வாக்கியம் வந்தால் இணைப்பிடைச்சொல். ஒன்றும் வராவிட்டால் வினையடை. மூன்றிடத்தும் சொல்லின் பொருளில் இம்மியளவும் வேறுபாடு இல்லை. இப்பாகுபாட்டின் பொருந்தாமையை ஓட்டோ எஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட தம் இலக்கணத் தத்துவ நூலிலேயே எடுத்துக்காட்டினார். ஒரு வினைச்சொல் பெயரைச் செயப்படுபொருளாகக் கொள்ளலாம், வாக்கியத்தைக் கொள்ளலாம், ஒன்றையும் கொள்ளாமலும் வரலாம். அதற்காக அதனை மூன்று சொல்வகையாக யாரும் பிரிப்பதில்லை. வினைக்கு இல்லாத இப்பிரிவு சிறு சொல்லுக்கு மட்டும் ஏன் என்பதே அவர் வினாவின் சாரம். 2002இல் கேம்பிரிட்ஜ் பேரிலக்கணத்தை வெளியிட்ட ஹடில்ஸ்டனும் புல்லமும் இவ்வழியே சென்று, ‘பிஃபோர்’ என்பது மூன்று நிலையிலும் முன்னிடைச்சொல்லே என வகுத்தனர்.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இது புதிய செய்தியன்று. ‘அவருக்கு முன்’, ‘அவர் வருவதற்கு முன்’, ‘இதனை முன்பே கேட்டதுண்டு’ என மூன்றிடத்தும் தமிழில் வருவது ஒரு சொல்லே. மாறுவது அதனோடு இணையும் அமைப்பு மட்டுமே. பெயராயின் நான்காம் வேற்றுமை ஏற்கிறது. வாக்கியமாயின் தொழிற்பெயராகி நான்காம் வேற்றுமை ஏற்கிறது. ‘முன்’ என்பதை மூன்று சொல்லாகப் பகுத்து மனப்பாடம் செய்த தமிழ் மாணவர் எவரும் இலர். அன்றியும் ‘சின்ஸ்’ என்பதில் மொழிபெயர்ப்பாளரை இடறுவது வகை வேறுபாடன்று. ‘அன்றுமுதல்’ என்னும் காலப்பொருளா, ‘ஆதலால்’ என்னும் காரணப்பொருளா என்பதே அங்குள்ள இடர். வாக்கியத்தோடு வரும்போது அது இரு பொருளையும் தரும். அந்நிலையில் பள்ளி இலக்கணம் இரண்டிற்கும் இணைப்பிடைச்சொல் என்ற ஒரே பெயரிட்டு அமைந்துவிடுகிறது. ‘பட்’ மட்டுமே இக்கூட்டத்தில் பணி வேறுபாட்டோடு பொருள் வேறுபாடும் தெளிவாக உடையது எனலாம்: ‘ஆனால்’, ‘தவிர’, ‘மட்டுமே’ என மூன்று தமிழ்ச் சொற்களை அது வேண்டுகிறது.

பெயரின் முன் வரும் பெயரைப் பெயரடை என்று கூறும் வழக்கமும் இதைப் போன்றதே. ‘ஸ்டோன் வால்’ என்பதில் ‘ஸ்டோன்’ அடுத்த பெயரைச் சிறப்பிப்பதால் பெயரடைப் பணி ஆற்றுகிறது. ஆகவே பெயரடை என்பர். ஆயின் பெயரடைக்குரிய பிற இயல்புகள் எவையும் அதற்கில்லை. ‘மிக’ என்னும் அடை அதன் முன் வராது. ஒப்புமை விகுதி அதனொடு சேராது. ‘சுவர் ஸ்டோன்’ என்று பயனிலையாக்கவும் இயலாது. கற்சுவர் என்னும் தமிழ்த் தொடரில் ‘கல்’ பெயரடை ஆகிவிட்டது என்று தமிழிலக்கணம் பயின்றவர் கூறமாட்டார். கல்லால் ஆகிய சுவர் என விரித்து, உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பார். மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்படுவது இந்த விரித்தலே. ‘கவர்ன்மெண்ட் லோன்’ என்பது அரசு வழங்கிய கடனா, அரசு வாங்கிய கடனா என்பதைப் பெயரடை என்னும் முத்திரை ஒருபோதும் தெரிவிக்காது. தொக்கு நிற்கும் உருபு எது என்று கேட்டால் உடனே தெரியும்.

பெயர் உண்மையாகவே பெயரடையாக மாறும்போது அதன் நடத்தையும் மாறும். ‘ஃபன்’ என்னும் பெயர் இதற்குத் தக்க சான்று. களிப்பு என்னும் பொருளுடைய இப்பெயரை அமெரிக்க இளைஞர் பெயரடையாகவே வழங்கத் தலைப்பட்டனர். அவர்கள் பேச்சில் அதன் முன் ‘மிக’ என்னும் அடையும், அதன்பின் ஒப்புமை விகுதியும் வந்து சேர்ந்தன. பணியை மட்டும் நோக்குவோர்க்கு ‘ஸ்டோன்’, ‘ஃபன்’ இரண்டும் ஒன்றே. இயல்பை நோக்குவோர்க்கு ஒன்று தன் வகையிலேயே நிற்கிறது. மற்றொன்று வகை மாறியுள்ளது.

வரலாறு தந்த ஒற்றுமையும் எழுத்து தந்த ஒற்றுமையும்

‘லவ்’ பெயராகவும் வினையாகவும் வருகிறது. பெயர் வினையாக ‘ஆயிற்று’ என்று சொல்லத் தோன்றும். பழைய ஆங்கிலத்தில் பெயர் ‘லுஃபு’, வினை ‘லுஃபியன்’. ஈறுகள் தெளிவாக வேறுபட்டிருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் அழுத்தமற்ற ஈற்றுயிர்கள் மங்கி, பின்னர் மறைந்தபோது இரண்டும் ஒரே வடிவில் வந்து நின்றன. ‘ஆன்சர்’, ‘ஸ்லீப்’ ஆகியவற்றின் வரலாறும் இதுவே. விரைவு குறிக்கும் ‘ஃபாஸ்ட்’ பெயரடையாகவும் வினையடையாகவும் வருவதும் அவ்வாறே. பழங்காலத்தில் வினையடைக்கு ‘எ’ என்னும் ஈறு இருந்தது, அது தேய்ந்தது. இங்கே ஒரு சொல் வகை மாறவில்லை. இரு சொற்கள் தம் வேற்றுமையை இழந்துள்ளன. எனினும், இவ்வாறு ஒன்றாகிய பல்லாயிரம் இணைகள் பேசுவோர் மனத்தில் ஒரு வாய்பாடாகப் பதிந்து, ஈறு எதுவும் சேர்க்காமலே பெயரை வினையாக்கலாம் என்னும் துணிவைத் தந்திருத்தல் கூடும்.

எழுத்தில் ஒன்றாகவும் பேச்சில் வேறாகவும் உள்ளவை வேறொரு கூட்டம். ‘பர்மிட்’, ‘ரெக்கார்ட்’ முதலியன பெயராகும்போது முதலசையிலும் வினையாகும்போது இரண்டாமசையிலும் அழுத்தம் பெறுவது பொதுவழக்கு. ‘யூஸ்’ பெயராகும்போது ஈற்றொலி ஒலிப்பிலா ஒலி. வினையாகும்போது ஒலிப்புடை ஒலி. காதுக்கு இவை ஒரு சொல் அல்ல. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. இந்தியர் பேசும் ஆங்கிலத்திலும் அழுத்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எனவே நம்மிடையே இவ்வகை மயக்கம் ஆங்கிலேயரிடையே உள்ளதைவிடச் சற்று மிகுதி.

வெறும் ஒலியொற்றுமையால் சேர்ந்தவையும் பட்டியல்களில் புகுந்துவிடுகின்றன. நன்றாக என்னும் ‘வெல்’ வேறு. கிணறு என்னும் ‘வெல்’ வேறு. பின்னதற்கு மட்டும் கண்ணீர் பெருகுதல் என்னும் வினை உறவாகும். ‘கேன்’ என்னும் துணைவினைக்கும் தகரக்குவளைக்கும் தொடர்பு எதுவும் இல்லை. குவளையிலிருந்து ‘கேனில் அடைத்தல்’ என்னும் வினை பிறந்தது தனிக்கதை. தமிழில் ‘கல்’ என்னும் பெயரையும் ‘கல்’ என்னும் வினையடியையும் ஒரு சொல்லின் இரு வகை என்று எந்த ஆசிரியரும் கற்பிப்பதில்லை. பலபொருள் ஒருசொல்லை வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது எனப் பிரித்துக் கிளவியாக்கத்தில் விதி வகுத்த மரபு நம்முடையது. ஆங்கிலப் பட்டியலைத் தமிழில் பெயர்த்தெழுதும்போது மட்டும் அப்பிரித்தறிவு கைவிடப்படுவது வியப்பே.

மெய்யான ஆக்கம்

மேற்கூறியவற்றைக் கழித்தபின் எஞ்சுவதே மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ள வேண்டிய பகுதி. பள்ளி அதிகாரங்கள் மிகக் குறைவாகத் தொடும் பகுதியும் இதுவே. ‘ஹாமர்’ என்னும் கருவிப்பெயர் வினையாவது, ‘பாட்டில்’ என்னும் கலப்பெயர் வினையாவது, ‘வாக்’ என்னும் வினை ஓர் உலாவைக் குறிக்கும் பெயராவது ஆகியன இதில் அடங்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹென்றி ஸ்வீட் இதற்குக் ‘கன்வர்ஷன்’ என்று பெயரிட்டார். 1960இல் ஆங்கிலச் சொல்லாக்கம் பற்றிய பெருநூலை வெளியிட்ட ஹான்ஸ் மார்ச்சண்ட் இதனைச் சுழிவிகுதி ஆக்கம் எனக் கொண்டார். இரு பெயரும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன: இவ்விணைகளில் ஒன்று மூலம், மற்றது ஆக்கம். பணியே வகை என்னும் கொள்கைக்கு இந்த முன்பின் உறவு தெரியாது. அதன் பார்வையில் பெயரும் வினையும் சம உரிமையுடன் அருகருகே நிற்பவை.

மூலம் எது என்பதால் மொழிபெயர்ப்பில் என்ன வேறுபாடு விளையும் எனலாம். பால் கிபார்ஸ்கி 1982இல் எடுத்துக்காட்டிய ஓர் இணை இதற்கு விடை தருகிறது. ஆங்கிலத்தில் ஒருவர் கல்லைக் கொண்டோ காலணியைக் கொண்டோ ஓர் ஆணியை ‘ஹாமர்’ செய்யலாம். சுத்தியல் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆனால் குண்டூசியைக் கொண்டு ஒரு படத்தைச் சுவரில் ‘டேப்’ செய்ய இயலாது. ஒட்டுநாடா இருந்தே ஆகவேண்டும். இரண்டும் பெயர், வினை என இரு வகையும் ஏற்பவை. பட்டியலில் ஒரே கட்டத்தில் அடங்குபவை. ஆயினும் ‘டேப்’ என்னும் வினை பெயரைத் தன்னுள் சுமக்கிறது. ‘ஹாமர்’ என்னும் வினை செயலின் பாங்கை மட்டுமே சுமக்கிறது. அகராதி ‘சுத்தியலால் அடி’ என்று பொருள் தந்திருக்க, அதனை நம்பிய மொழிபெயர்ப்பாளர் ‘காலணியால் சுத்தியலால் அடித்தான்’ என்னும் விபரீதத்தில் முடிவார். ‘ஓங்கி ஓங்கி அடித்து இறக்கினான்’ என்பதே அங்குப் பொருந்தும். ‘டேப்’ என்பதற்கோ ‘நாடாவால் ஒட்டினான்’ என்று கருவியைச் சொல்லியே ஆகவேண்டும்.

வேர்களுக்கு வகையே கிடையாது, தொடரமைப்பே அவற்றுக்கு வகையை வழங்குகிறது என்னும் கோட்பாடு 1990களில் ஹாலே, மரான்ட்ஸ் முதலியோரால் வளர்க்கப்பட்டது. மேலோட்டமாக நோக்கின் இது பள்ளி இலக்கணத்துக்கு வலுச்சேர்ப்பதுபோல் தோன்றும். ஆயின் அக்கோட்பாட்டினரும் இவ்விணையைப் புறக்கணிக்கவில்லை. வேரிலிருந்து நேரே பிறந்த வினை வேறு, வேர் பெயராகி அப்பெயரிலிருந்து பிறந்த வினை வேறு எனப் பிரித்து, பின்னது தன் பெயரின் பொருளை விட்டு விலகாது என மாயா ஆரட் 2003இல் ஈபுரு மொழிச் சான்றுகளைக் கொண்டு நிறுவ முயன்றார். பிரிப்பு எவ்வழியாயினும் வேண்டப்படுவதே என்பது இதனால் புலனாகிறது.

பெயரிலிருந்து பிறக்கும் வினையின் மற்றோர் இயல்பை ஈவ் கிளார்க்கும் ஹெர்பர்ட் கிளார்க்கும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தனர். இவ்வினை, பெயர் குறிக்கும் பொருள் இடம்பெறும் ஒரு காட்சியைச் சுட்டுகிறது. அக்காட்சியில் அப்பொருள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. கேட்போர் உலகறிவால் அதனை நிரப்பிக்கொள்கின்றனர். ‘டஸ்ட்’ என்னும் வினை மேசையோடு வந்தால் தூசியை நீக்குதல். பயிரோடு வந்தால் மருந்துத்தூளைத் தூவுதல். ‘மில்க்’ பசுவோடு வந்தால் பாலை எடுத்தல். தேநீரோடு வந்தால் பாலைச் சேர்த்தல். ஒரே வடிவம், ஒரே வகை, பொருளோ நேர்மாறு. எதனை வினையாக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கோடையைக் கழித்தல், குளிர்காலத்தைக் கழித்தல் ஆகியவற்றுக்குப் பருவப் பெயர்களையே ஆங்கிலத்தில் வினையாக்குவர். இலையுதிர்காலத்தைக் குறிக்கும் அமெரிக்கச் சொல்லாகிய ‘ஃபால்’ அவ்வாறு வினையாகாது. விழுதல் என்னும் வினை அவ்விடத்தை முன்னரே பற்றிக்கொண்டுள்ளது.

இவ்வகையில் ‘வாட்டர்’ என்னும் சொல்லை விரிவாக நோக்குதல் தகும். பெயராக அது நீர். அதில் இடர் எதுவும் இல்லை. வினையாக, செடிகளோடு வந்தால் தமிழில் நீர் ஊற்றுகிறோம். வயலோடு வந்தால் நீர் பாய்ச்சுகிறோம். மாட்டோடு வந்தால் நீர் காட்டுகிறோம். மாட்டுக்கு நீர் ‘கொடுத்தல்’ என்று எழுதுவோர் இலக்கணப் பிழை செய்தவர் ஆகார். ஆயினும் மாடு வளர்த்த எவரும் அவ்வாறு பேசுவதில்லை. பாலோடு வந்தால் நீர் கலக்கிறோம். அங்குச் செயலின் நிறமே மாறி, வினை ஏமாற்றைக் குறிக்கிறது. புகையால் கண் ‘வாட்டர்’ ஆனால் கண்ணில் நீர் வழிகிறது. உணவைக் கண்டு வாய் அவ்வாறு ஆனால் வாய் ஊறுகிறது. இறுதி இரண்டிலும் செயப்படுபொருள் இல்லை. வாய் ஊறும்போது நீர் என்னும் சொல்லையே தமிழ் விட்டுவிடக்கூடும். எச்சில் என்னும் வேறு பெயரும் வரலாம். ஆங்கிலம் பெயரைச் சொல்லிச் செயலை மறைக்கிறது. தமிழ் செயலைச் சொல்லியே ஆகவேண்டும். ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று ‘வாட்டர்: பெயர் – நீர், வினை – நீரூற்று’ என்று தந்து நின்றால், ஆறில் ஐந்து இடங்களில் அது பயனற்றுப்போகும். ஆங்கில வினையோடு வரும் செயப்படுபொருளையோ எழுவாயையோ காட்டி, அதற்கேற்ற தமிழ் வினையைத் தனித்தனியே தருவதே அகராதியின் கடன். சொல்வகைக் குறிப்பைவிட இடம் மிகுதியாக வேண்டும் என்பது உண்மையே. அதற்குரிய இடத்தைச் சிறு சொற்களின் தேவையற்ற உட்பிரிவுகளிலிருந்து மீட்கலாம்.

உடலுறுப்புப் பெயர்கள் வினையாவதும் இத்தகையதே. ‘ஹெட்’ குழுவோடு வந்தால் தலைமை தாங்குதல், பந்தோடு வந்தால் தலையால் முட்டுதல், திசையோடு வந்தால் நோக்கிச் செல்லுதல். ‘ஸ்டமக்’ பொறுத்துக்கொள்ளுதல், அதுவும் பெரும்பாலும் எதிர்மறையிலேயே வரும். ‘ஃபேஸ்’ தமிழகத்தில் எதிர்கொள்ளுதல் ஆகிறது. இலங்கைத் தமிழில் முகங்கொடுத்தல் ஆகிறது. இலங்கை வழக்கு முகத்தைக் காப்பாற்றி, ‘கொடு’ என்னும் வினையைத் துணைக்கு அழைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

காட்சியை நிரப்பிக்கொள்ளும் உலகறிவு நாட்டுக்கு நாடு வேறுபட்டால் என்ன நேரும் என்பதற்கு ‘டேபிள்’ என்னும் வினை போதும். பிரித்தானிய வழக்கில் அவையில் ஒன்றை ‘டேபிள்’ செய்வது, விவாதிப்பதற்காக அவைமுன் வைத்தல். அமெரிக்க வழக்கில் அது கிடப்பில் போடுதல். இருவருக்கும் மேசை ஒன்றே, தாள் ஒன்றே. வைத்த தாள் எடுக்கப்படுமா, அங்கேயே கிடக்குமா என்பதில்தான் வேறுபாடு. இரண்டாம் உலகப்போரின்போது இரு நாட்டு அலுவலரிடையே இச்சொல்லால் நீண்ட வாக்குவாதம் மூண்டதைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். இந்தியச் சட்டமன்றங்களின் வழக்கு பிரித்தானிய வழக்கே. அமெரிக்கப் பேரவை பற்றிய செய்தியை அவ்வழக்கிலேயே பெயர்த்தால், ஒத்திவைக்கப்பட்ட தீர்மானம் தமிழ் நாளிதழில் கொண்டுவரப்பட்ட தீர்மானமாகிவிடும்.

தமிழின் எதிர்த்திசை

தமிழிலும் ஒரே வடிவம் பெயராகவும் வினையடியாகவும் வருதல் உண்டு. அடி, உதை, குத்து, வெட்டு என்பவற்றை முதனிலைத் தொழிற்பெயர் என்று மரபிலக்கணம் வழங்குகிறது. கேடு, சூடு, பேறு போன்றவை முதனிலை திரிந்தவை. பூட்டு, கட்டு முதலியவற்றில் தொழிலின் பெயர் அத்தொழிலுக்குரிய பொருளுக்கும் ஆகிவருகிறது. இங்குக் கருதத்தக்கது, மரபிலக்கணம் வைத்த பெயரிலேயே திசை அடங்கியிருப்பதாகும். முதனிலை வினைக்கு உரியது. பெயர் அதிலிருந்து பிறந்தது. ‘அடி என்பது பெயராகவும் வினையாகவும் வரும் சொல்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தும் இக்காலப் பயிற்சி நூல், பழைய இலக்கணம் அறிந்ததைவிடக் குறைவாகவே அறிவிக்கிறது.

பெயர் விகுதியின்றி வினையாதல் தமிழில் அரிது. பூ, மலர், காய், கனி, முளை, நுரை ஆகியவற்றில் எது முந்தியது என்பது வாதத்துக்குரியது. அவையும் பெரும்பாலும் தாவர வாழ்வைச் சார்ந்த ஒரு சிறு குழுவே. ஏனையவற்றுக்கு இடு, ஆக்கு, படுத்து, செய் முதலியன தேவை. ஆங்கிலத்தில் எளிதாக ஓடும் திசையும் தமிழில் எளிதாக ஓடும் திசையும் எதிரெதிரானவை. இவ்வெதிர்மை எந்தக் கையேட்டிலும் முதற்பக்கத்தில் இடம்பெறத் தக்கது.

பேச்சுத்தமிழ் இதற்குத் தன்போக்கில் ஒரு தீர்வு கண்டுள்ளது. ஆங்கிலச் சொல் எவ்வகையினதாயினும் அதனைப் பெயர்போல நிறுத்தி, ‘பண்ணு’ சேர்க்கிறது: போன் பண்ணு, புக் பண்ணு, டெலிட் பண்ணு. செயப்படுபொருள் குன்றிய நிலைக்கு ‘ஆகு’ சேர்க்கிறது: டெலிட் ஆகிவிட்டது, ஓப்பன் ஆகவில்லை. கதவை ஒருவர் திறப்பதற்கும் கதவு தானே திறப்பதற்கும் ஆங்கிலம் ஒரே ‘ஓப்பன்’ என்னும் வினையை வழங்க, ஆங்கிலக் கலப்பென்று இகழப்படும் பேச்சு அவற்றைப் பிழையின்றிப் பிரித்துவிடுகிறது. தூய தமிழில் எழுத முனையும் மொழிபெயர்ப்பாளர் பலர் இவ்விடத்தில் தடுமாறுவதை நோக்க, பேசுவோரின் மொழியுணர்வைக் குறைத்து மதிப்பிட இயலாது.

தொடரற்ற சொல்

பணியைக் கொண்டு வகையைத் துணிக என்னும் கொள்கை, தொடர் ஒன்று கண்முன் இருக்கும் என்று எண்ணுகிறது. கணினி, கைப்பேசி ஆகியவற்றின் இடைமுகச் சொற்களைத் தமிழாக்குவோர்க்கு அத்தொடர் கிடைப்பதில்லை. அவர்களை அடைவது தனிச்சொற்களின் நீண்ட பட்டியல். ‘ஓப்பன்’ என்பது ‘திற’ என்னும் ஏவலா, ‘திறந்துள்ளது’ என்னும் நிலைக்குறிப்பா? ‘ஃப்ரீ மெமரி’ என்பது நினைவகத்தை விடுவி என்னும் கட்டளையா, எஞ்சியுள்ள வெற்று நினைவகத்தின் அளவா? ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ காட்சி அமைப்புகளா, அமைப்புகளைக் காட்டு என்பதா? ஆங்கிலப் பயனருக்கு இவ்வினாக்கள் எழுவதே இல்லை. ஒரே எழுத்துத்தொடர் இரு பணியையும் செய்துவிடும். தமிழில் முடிவெடுக்காமல் ஓர் எழுத்தும் எழுத இயலாது.

சில இடங்களில் தமிழின் முதனிலைத் தொழிற்பெயரே கைகொடுக்கிறது. ‘வெட்டு’, ‘ஒட்டு’ ஆகியன ஏவலாகவும் பெயராகவும் நிற்கவல்லவை. ஆங்கில மயக்கம் அப்படியே தமிழுக்கு வந்தாலும் தீங்கில்லை. தேடு–தேடல், சேமி–சேமிப்பு, காட்டு–காட்சி போன்றவற்றில் அவ்வாய்ப்பு இல்லை. இச்சிக்கலை உணர்ந்தே ‘கெட்டெக்ஸ்ட்’ என்னும் மொழியாக்கக் கருவியில் ஒவ்வொரு சொல்லோடும் அதன் சூழலைக் குறிப்பதற்குத் தனிப்புலம் அமைக்கப்பட்டுள்ளது. நிரல் எழுதுவோர் அப்புலத்தை நிரப்பினால்தான் பயன். ஆங்கிலத்தில் சிந்திப்பவருக்கு அதன் தேவை புலப்படாததால் அது பல இடங்களில் வெறுமையாகவே விடப்படுகிறது.

சமூக ஊடகங்களில் வழங்கும் ‘லைக்’ என்னும் சொல்லைக் காட்டலாம். பொத்தானில் அது வினை. எண்ணின் பின் வரும்போது பெயர். இரண்டிற்கும் நிரலில் ஒரே சரம் பயன்படுத்தப்பட்டு, மொழிபெயர்ப்பாளருக்குப் பொத்தான் மட்டும் காட்டப்பட்டிருந்தால், அவர் ‘விரும்பு’ என்று எழுதுவார். அது தவறன்று. அடுத்த நாள் திரையில் ‘12 விரும்பு’ என்று தோன்றும்.